பழுதுபார்த்த கூரையும் பழுதுபாராத உறவும்: டார்ட்டிங்டன் மாளிகை மீட்பு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட டார்ட்டிங்டன் மாளிகையை 1925இல் லியோனார்டு எல்ம்ஹர்ஸ்ட், டோரதி எல்ம்ஹர்ஸ்ட் இணையர் வாங்கினர். பள்ளிக்கும் ஊர்ச்சமூகத்துக்கும் உரிய இடமாக அதை மீட்டெடுப்பது அவர்களின் நோக்கம். கட்டட மீட்பு நேர்த்தியாக நிறைவேறியது. ஆனால் பள்ளி சில ஆண்டுகளிலேயே மாளிகையை விட்டு வெளியேறியது. ஊர்மக்களுக்கும் மாளிகைக்கும் இடையிலான உறவும் பழைய நிலக்கிழமையின் சாயலிலிருந்து முற்றும் விடுபடவில்லை. கட்டடத்தின் அமைப்பு, அதன் பயன்பாட்டு வரலாறு, அது குறித்த நூல்கள் ஆகியவற்றின் வழி இம்முரணை இக்கட்டுரை ஆராய்கிறது. எல்ம்ஹர்ஸ்ட் அதற்குமுன் பணியாற்றிய வங்காளத்துச் சூருல் வீடு ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: டார்ட்டிங்டன், எல்ம்ஹர்ஸ்ட், தாகூர், ஸ்ரீநிகேதன், மரபுக் கட்டடப் பாதுகாப்பு, ஊரகக் கல்வி.

முன்னுரை

முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் ஊர்ப்புறத்துப் பெருமாளிகைகள் பல உரிமையாளர் கைகளிலிருந்து நழுவின. நிலவருவாய் குறைந்தது, மரணவரி ஏறியது, வாரிசுகள் சிலர் போர்க்களத்திலேயே மடிந்தனர். விலைபோன மாளிகைகளுள் சில பள்ளிகளாயின. பக்கிங்காம் பிரபுக்களின் ஸ்டோ மாளிகை 1923இலும், டார்செட் பகுதியின் பிரையன்ஸ்டன் மாளிகை 1928இலும் உறைவிடப் பள்ளிகளாகத் திறக்கப்பட்டன. இவற்றில் மாளிகை மாறியதே தவிர, அதற்குள் நுழையத் தகுந்தவர் யார் என்ற கேள்வி மாறவில்லை. செல்வர் வாழ்ந்த வீட்டில் செல்வரின் பிள்ளைகள் படித்தனர்.

டார்ட்டிங்டன் இவற்றிலிருந்து வேறுபட்ட நோக்கத்தோடு தொடங்கியது. அங்கே பள்ளி மட்டும் திட்டமிடப்படவில்லை. பண்ணை, காடு, நெசவு, கோழி வளர்ப்பு, மர அறுவை, கலைகள் அனைத்தும் ஒரே நிலத்தில் இயங்க வேண்டும். அவற்றில் உழைக்கும் பெரியவர்களும் பயிலும் பிள்ளைகளும் ஒரே சமூகமாக வாழ வேண்டும் என்று கருதப்பட்டது. எனவே அதன் வெற்றி தோல்விகளை ஒரு பள்ளியின் வெற்றி தோல்விகளாக மட்டும் அளப்பது பொருந்தாது. ஒரு நிலக்கிழாரின் மாளிகையைப் பொதுவிடமாக்க முடியுமா என்ற கேள்விக்கு அது அளித்த விடையாகவே அதைப் படிக்க வேண்டும்.

கூரையிழந்த மண்டபம்

மாளிகையைக் கட்டியவர் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் ஒருதாய் உடன்பிறப்பான ஜான் ஹாலந்து. மண்டபத்தின் முகப்பு வாயிற்கூரையில் அம்மன்னரின் சின்னமான வெண்மான் செதுக்கப்பட்டிருக்கிறது. ஹாலந்து 1400இல் கொல்லப்பட்டார். பின்னர் 1559இல் சாம்பர்னௌன் குடும்பத்தார் மாளிகையைப் பெற்று 1925 வரை வைத்திருந்தனர். பெருமண்டபத்தின் கூரை ஆபத்தான நிலையில் இருந்ததால் 1813இல் அகற்றப்பட்டது. அதன்பின் நூறாண்டுகளுக்கும் மேலாக மண்டபம் வெறுஞ்சுவராய் நின்றது.

பெரும்பாலான விவரிப்புகள் விரைந்து கடந்துவிடும் ஒரு செய்தி இங்கே கருதத்தக்கது. மாளிகையை ஒட்டியிருந்த ஊர்த் தேவாலயம் 1870களில் இடிக்கப்பட்டது. கோபுரம் மட்டும் விடப்பட்டது. புதிய தேவாலயம் மாளிகையிலிருந்து விலகிச் சாலையோரத்தில் எழுந்தது. ஞாயிறுதோறும் ஊரார் மாளிகையின் பக்கம் வந்துபோன வழக்கம் அத்தோடு நின்றிருக்கும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது. எல்ம்ஹர்ஸ்ட் இணையர் வந்தபோது கூரையை மட்டுமல்லாமல் ஊரையும் மாளிகை இழந்திருந்தது. கூரை போனது கண்ணுக்குத் தெரிந்தது; ஊர் விலகியது தெரியவில்லை. மீட்புத் திட்டம் கண்ணுக்குத் தெரிந்த இழப்பிலிருந்தே தொடங்கியது.

பழுதுபார்ப்பும் மீட்டுருவாக்கமும்

மீட்புப் பணி வில்லியம் வெய்ர் என்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மாரிஸ் 1877இல் நிறுவிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் மரபில் வந்தவர் அவர். பழைய கட்டடத்தைக் கற்பனையால் முழுமைப்படுத்தக் கூடாது, அன்றாடப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போட வேண்டும், புதிதாகச் சேர்ப்பது பழையதுபோல் நடிக்கக் கூடாது என்பவை அச்சங்கத்தின் அடிப்படை நிலைப்பாடுகள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய தேவாலயங்கள் பலவற்றில் நடந்த மீட்டுருவாக்கத்தை அச்சங்கத்தார் அழிவாகவே கண்டனர். தமிழில் 'புதுப்பித்தல்' என்ற ஒரே சொல் இவ்விரண்டு செயல்களுக்கும் ஆளப்படுகிறது. 'திருப்பணி' என்ற சொல்லும் பழுதுநீக்கல், விரிவாக்கல், புதிதாகக் கட்டல் ஆகிய மூன்றையும் ஒருசேரச் சுட்டும். வெய்ரின் பணியை மதிப்பிடுவதற்கு இங்கே பழுதுபார்ப்பு என்றும் மீட்டுருவாக்கம் என்றும் இரு சொற்கள் பிரித்து ஆளப்படுகின்றன.

முற்றத்தைச் சூழ்ந்த நீண்ட கட்டட வரிசைகளில் வெய்ர் செய்தது பழுதுபார்ப்பே. பெருமண்டபத்தில் அக்கொள்கை இடர்ப்பட்டது. கூரையே இல்லாத மண்டபத்தில் பழுதுபார்க்கக் கூரை எங்கே இருக்கிறது? சங்கத்தின் கொள்கையை வரிக்கு வரி பின்பற்றினால் சுவர்களை உறுதிப்படுத்தி இடிபாடாகவே விட்டிருக்க வேண்டும். மக்கள் கூடவேண்டுமென்றால் கூரை வேண்டும். சுவர்களில் எஞ்சியிருந்த தடயங்களைக் கொண்டு, பண்ணையின் ஓக் மரங்களால், இடைக்கால முறையிலான சுத்தியல் உத்தரக் கூரையை வெய்ர் 1930களின் தொடக்கத்தில் எழுப்பினார். சுவரிலிருந்து நீளும் குறுவுத்தரங்கள் மேலிருக்கும் வளைவுகளைத் தாங்க, நடுவே தூணின்றி அகன்ற வெளியை மூடும் முறை அது.

இதைக் கொள்கைப் பிறழ்வு என்று கூறுவது எளிது. தூய பழுதுபார்ப்புவாதி அப்படித்தான் கூறுவார். ஆனால் ஒரு மண்டபத்தின் மெய்ம்மை அதன் கல்லிலும் மரத்திலும் மட்டும் தங்கியிருப்பதில்லை. பலர் ஒன்றாக அமர்வதற்கென்று எழுந்த இடம் அது. அவ்வாறு அமரமுடியாமற்போனதே அதன் முதன்மைப் பழுது. அப்பழுதை நீக்க வேறு வழியில்லாதபோது புதுக்கூரை நியாயமானது. மேலும், இடைக்காலத்தைப் போலியாக நிறுத்தும் ஆசையால் அது எழவில்லை. அதன் கீழே இசையும் நாடகமும் கூட்டங்களும் நடக்க வேண்டும் என்ற தேவையே அதை எழுப்பியது. எலிசபெத் பீகாக் 1930களில் நெய்த தொங்குதிரைகள் பண்ணையின் பல்வேறு துறைகளைக் குறித்தன. பிரபுக்களின் குலச்சின்னங்கள் தொங்கும் இடத்தில் உழைப்பின் சின்னங்கள் தொங்கின. டார்ட்டிங்டன் எதை விரும்பியது என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சான்று வேறு தேவையில்லை.

எனினும் மண்டபத்தின் தரைப்படம் வேறொன்றைச் சொல்கிறது. இடைக்காலப் பெருமண்டபத்துக்கு மேல்முனை, கீழ்முனை என இரண்டு உண்டு. மேல்முனையில் பிரபுவின் மேடையும் அதை ஒட்டி அவரது தனியறைகளும் இருக்கும். கீழ்முனை வழியாக ஏவலரும் உணவும் வந்துபோவர். டார்ட்டிங்டனின் மண்டபமும் அவ்வகையினதே. எல்ம்ஹர்ஸ்ட் இணையர் மாளிகையிலேயே, மண்டபத்தை ஒட்டிய தனிப்பகுதியில் வாழ்ந்தனர். பண்ணையில் ஊதியம் பெறுவோர் முற்றத்தின் வழியே மண்டபத்துக்கு வந்தனர். இருவருக்கும் இடையே அன்பும் மதிப்பும் இருந்திருக்கலாம். ஆயினும் யார் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறார் என்பதை 14ஆம் நூற்றாண்டின் சுவர்களே தீர்மானித்துவிட்டன. உள்ளதை உள்ளவாறே காக்க வேண்டும் என்ற பழுதுபார்ப்பு நெறி, சுவர்களைப் போலவே சுவர்களுக்குள் உறைந்திருந்த வரிசைமுறையையும் காத்துவிட்டது. வெய்ரைக் குறைகூற இதில் இடமில்லை. அவரிடம் ஒப்படைக்கப்பட்டது கட்டடமே. அவ்வரிசைமுறையைத் தனியே கவனிக்க வேண்டியவர்கள் அவரைப் பணித்தவர்கள்.

மாளிகையை விட்டு வெளியேறிய பள்ளி

பள்ளி 1926இல் மிகச் சில பிள்ளைகளோடு முற்றத்துக் கட்டடங்களிலேயே தொடங்கியது. டோரதியின் முதல் மணத்துப் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகள் சிலரும் அவர்களுள் இருந்தனர். வகுப்பறைக்கும் பட்டறைக்கும் இடையே வேலி வேண்டாம், பாடம் பிள்ளையின் ஆர்வத்திலிருந்து பிறக்கட்டும், பண்ணையின் துறைகளே பாடநூல்களாகட்டும் என்பது தொடக்கக் கருத்து. பிள்ளைகள் கோழிப்பண்ணையிலும் தோட்டத்திலும் வேலை செய்தனர். பழைய மாளிகையைப் பள்ளிக்கும் சமூகத்துக்கும் ஒருசேர உரியதாக்கும் திட்டம் அதன் முழுப்பொருளில் நடைமுறையில் இருந்தது இந்த ஐந்தாறு ஆண்டுகளில் மட்டுமே.

1931இல் டபிள்யூ. பி. கர்ரி தலைமையாசிரியராக வந்தார். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு முற்போக்குப் பள்ளியை நடத்தியவர். பெர்ட்ராண்டு ரஸ்ஸலின் கருத்துகளில் ஈடுபாடு உடையவர். பள்ளியைப் பள்ளியாக நிலைநிறுத்துவதே அவரது நோக்கம். பண்ணையோடு கட்டுண்ட கல்வி அவருக்கு உகந்ததாக இல்லை. அதே காலத்தில் ஓஸ்வால்டு மில்ன் வடிவமைத்த ஃபாக்ஸ்ஹோல் கட்டடம் மாளிகையிலிருந்து விலகி எழுந்தது. இளையோர் பிரிவுக்கு ஆலர் பார்க் என்ற வேறொரு கட்டடம் அமைந்தது. கர்ரிக்கென்று வில்லியம் லெஸ்கேஸ் 1932இல் கட்டிய ஹை கிராஸ் வீடு தட்டைக் கூரையும் வெள்ளை, நீலச் சுவர்களும் கொண்ட நவீனத்துவ வீடு. மண்டபத்தில் ஓக் உத்தரங்கள் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே தலைமையாசிரியருக்கு இவ்வீடு எழுந்தது. ஒரே நிலத்தில், ஒரே பணத்தில், இரண்டு காலங்கள் கட்டப்பட்டன. பள்ளி எதிர்காலத்தின் பக்கம் போனது. மண்டபம் பழமையோடு நின்றது.

பெயர்ச்சிக்கு இடநெருக்கடி ஒரு காரணம். பிள்ளைகள் பெருகினர், இடைக்கால அறைகள் உறைவிடப் பள்ளிக்குப் போதவில்லை. ஆனால் அதன் விளைவு இடநெருக்கடியைத் தாண்டியது. ரஸ்ஸலின் பிள்ளைகள், ஆல்டஸ் ஹக்ஸ்லியின் மகன், சிக்மண்டு பிராய்டின் பேரர்கள் எனப் புகழ்பெற்ற அறிவாளர் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே படித்தனர். ஊர்ப்பிள்ளைகளின் தொடக்கப்பள்ளி தனியாகவே இயங்கிவந்தது. பிள்ளைகளை அச்சுறுத்தாத, தண்டிக்காத, ஆணையும் பெண்ணையும் சேர்த்துப் படிக்கவைத்த பள்ளி என்ற வகையில் டார்ட்டிங்டனின் இடம் கல்வி வரலாற்றில் உறுதியானது. ஊரகக் கல்வி என்ற அளவுகோலை வைத்தால் அது தன் ஊரை விட்டு விலகிய பள்ளி.

மாளிகையின் சமூகப் பயன்பாடு பள்ளி போனபின் கலைகளின் வழியே தொடர்ந்தது. இதில் இமோஜன் ஹோல்ஸ்ட் 1940களில் ஆற்றிய இசைப்பணி தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஊர்ப்புறங்களில் பாடுவோரையும் தொழில்முறை சாராத இசைஞரையும் வழிநடத்தத்தக்கவர்களை அவர் பயிற்றினார். மைக்கேல் செக்கோவ் நாடகக் கூடம், யூஸ் நடனக்குழு போன்ற புகழ்மிக்க வருகையாளர்களைக் காட்டிலும் இந்தப் பாட்டுப்பணியே மண்டபத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் இடையே ஓர் இயல்பான உறவை உருவாக்கியது எனலாம். வருகையாளர் கலையைக் கொண்டுவந்தனர். ஹோல்ஸ்ட் உள்ளூர்க் குரல்களிலிருந்து தொடங்கினார். டார்ட்டிங்டன் வரலாறுகளில் இவ்வேறுபாடு அதற்குரிய அழுத்தம் பெற வேண்டும்.

சூருல் வீடு

எல்ம்ஹர்ஸ்ட் டெவனுக்கு வருமுன் வங்காளத்தில் பணியாற்றியவர். கார்னல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்ற அவரைத் தாகூர் சாந்திநிகேதனுக்கு அழைத்தார். 1922 பிப்ரவரியில் சூருலில் ஊரகச் சீரமைப்பு நிறுவனம் தொடங்கியது; அதுவே பின்னர் ஸ்ரீநிகேதன் எனப் பெயர்பெற்றது. அதன் தொடக்க இடமும் ஒரு பழைய மாளிகையே. கிழக்கிந்தியக் கம்பெனி வணிகத்தோடு தொடர்புடைய அவ்வீட்டைத் தாகூர் 1912இல் பீர்பூம் மாவட்டத்து ராய்ப்பூர் சின்ஹா குடும்பத்தாரிடமிருந்து வாங்கியிருந்தார். ஆக, எல்ம்ஹர்ஸ்ட் டார்ட்டிங்டனில் செய்ய முனைந்ததற்கு முன்மாதிரி ஒன்று அவர் கண்முன்னே இருந்தது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு திசையில் இருக்கிறது. சூருலில் ஊரார் வீட்டை நோக்கி அழைக்கப்படவில்லை. வீட்டில் தங்கியவர்கள் ஊர்களுக்குச் சென்றனர். காளிமோகன் கோஷ் ஊர் ஊராக நடந்து மக்களின் நிலையை அறிந்தார். குரங்குகள், மலேரியா, ஒருவர்மீதொருவர் கொண்ட அவநம்பிக்கை ஆகிய மூன்றையும் அப்பகுதி ஊர்களின் இடர்களாக எல்ம்ஹர்ஸ்ட் எடுத்துரைத்தார். மூன்றாவதை அவர் கண்டுகொண்டது முதன்மையானது. முதல் மாணவர்கள் கழிப்பிடக் குழிகளைத் தாங்களே வெட்டிப் பேணவேண்டியிருந்ததை அவரது 'கவிஞரும் உழவரும்' என்ற நாட்குறிப்பு நூல் பதிவுசெய்கிறது. சாதி அடுக்கு வேரூன்றிய ஊரில் அது சுகாதாரப் பாடத்தைக் காட்டிலும் பெரியது. யார் எந்த வேலையைச் செய்வது என்ற வரிசைமுறையையே அது தொட்டது. ஊர்ப்பிள்ளைகளுக்கென்று 1924இல் தொடங்கிய சிக்ஷாசத்ரா 1927இல் ஸ்ரீநிகேதனுக்கு மாற்றப்பட்டது. டார்ட்டிங்டன் பள்ளி மாளிகையிலிருந்து விலகத் தொடங்கும் தறுவாயில், வங்காளத்தில் ஊர்ப்பிள்ளைகளின் பள்ளி ஊரகப் பணியின் மையத்தை நோக்கி வந்தது.

இவ்வொப்பீட்டைச் சூருலுக்குச் சாதகமாக மட்டும் முடிப்பது நேர்மையாகாது. சூருலின் பணிக்கும் பெரும்பொருளுதவி டோரதியுடையதே. ஸ்ரீநிகேதன் சுற்றுப்புற ஊர்களின் வறுமையை மாற்றிவிட்டதாகவும் கூற முடியாது. ஆயினும் ஒன்று தெளிவு. சூருலில் எல்ம்ஹர்ஸ்ட் அயலவர். ஊர் அவரை நம்ப வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. எனவே அவநம்பிக்கையை ஒரு சிக்கலாக அவரால் காண முடிந்தது. டெவனில் அவரே நிலக்கிழார். கூலியும் குடியிருப்பும் அவர் கையில் இருந்தன. அங்கே அவநம்பிக்கை வாய்திறக்காமல் மரியாதையின் உருவில் நின்றிருக்கக்கூடும். அதைச் சிக்கலென்று அறிவது மிகக் கடினம்.

வரலாற்று நூல்களின் நோக்கு

டார்ட்டிங்டன் குறித்த முதல் முழுநூலாகக் கருதத்தக்கது விக்டர் பான்ஹம்-கார்ட்டரின் 1958ஆம் ஆண்டு நூல். அதில் பள்ளியைப் பற்றிய பகுதியைக் கர்ரியே எழுதியிருக்கிறார். பண்ணைக்கு ஓர் ஆசிரியர், பள்ளிக்கு வேறோர் ஆசிரியர் என்ற அந்நூலின் அமைப்பே ஆய்வுக்குரிய சான்று. இரண்டும் ஒன்றென்ற கனவு கலைந்ததை நூலின் உள்ளடக்கத்தைவிட அதன் கட்டமைப்பு வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

மைக்கேல் யங்கின் 1982ஆம் ஆண்டு நூல் அதைவிட நுட்பமானது. அவர் அப்பள்ளியின் மாணவர், பின்னர் அறங்காவலர். பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் 1945ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையை உருவாக்கியவரும், வர்க்கமும் தகுதியும் பற்றி ஆழமாக எழுதியவருமான சமூகவியலாளர். ஆனால் அந்நூலின் மையம் இணையரின் வாழ்க்கையே. நன்றியுள்ள மாணவரின் குரல் சமூகவியலாளரின் குரலை அவ்வப்போது அடக்கிவிடுகிறது. மாளிகை அங்கே மீட்பர்களின் வீடாகவே நிற்கிறது. மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கியவர் கண்ணில் அது எப்படித் தோன்றியது என்பது பின்னுக்குப் போகிறது.

அன்னா நெய்மாவின் 2022ஆம் ஆண்டு ஆய்வு டார்ட்டிங்டனை இரு போர்களுக்கிடையிலான பன்னாட்டுச் சீர்திருத்த முயற்சிகளின் வலையில் வைத்துக் காட்டுகிறது. இந்தியத் தொடர்பு அதனால் அலங்காரக் குறிப்பாக இல்லாமல் வரலாற்றுக் காரணமாகிறது. இம்மூன்று நூல்களிலும் கட்டடம் பெரும்பாலும் நிகழ்ச்சிகளின் பின்னணி. மேலே கூறிய மேல்முனை, கீழ்முனைக் கேள்வி எழ வேண்டுமாயின் கட்டடத்தைப் பனுவலாகவும் வாசிக்க வேண்டும்.

கூரையைத் தாங்குவது யார்

டார்ட்டிங்டனின் தொழில்கள் பலவும் இழப்பில் ஓடின. டோரதியின் செல்வம் இடைவெளியை நிரப்பியது. 1930களின் தொடக்கத்தில் அறக்கட்டளை உருவாகி, சொத்து தனியார் பெயரிலிருந்து நீங்கியது. சட்டப்படி நிலக்கிழமை முடிந்தது. ஆனால் முடிவெடுக்கும் இடம் ஊருக்குப் பெயரவில்லை. டோரதி 1968இலும் லியோனார்டு 1974இலும் மறைந்தனர். பள்ளி 1987இல் மூடப்பட்டது. 1961இல் தொடங்கிய கலைக்கல்லூரி 2008இல் ஃபால்மவுத்தோடு இணைக்கப்பட்டுப் பின்னர் இடம்பெயர்ந்தது. 1990களின் தொடக்கத்திலிருந்து அங்கே இயங்கிய ஷூமேக்கர் கல்லூரியின் பட்டப்படிப்புகளும் 2024இல் நிறுத்தப்பட்டன. மண்டபம் மட்டும் நிலைத்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் முதல் தரப் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. அக்கூரையின் ஓர் உத்தரத்தை மாற்றவும் உள்ளாட்சியின் இசைவு வேண்டும். அதன் நிழலில் வளர்ந்த கல்வி நிறுவனங்களுக்கு அத்தகைய காப்பு எதுவும் இருந்ததில்லை.

மரபுக் கட்டடத்தைக் கல்விக்குத் தருவோர் பெரும்பாலும் பராமரிப்புச் செலவையே முதல் இடராகக் கணக்கிடுகின்றனர். டார்ட்டிங்டன் காட்டும் இடர் அதற்கு முற்பட்டது: மண்டபத்தில் யார் கூடுவது, பள்ளியில் யார் சேர்வது, கணக்கை யார் பார்ப்பது என்பவற்றில் ஊராருக்கு எழுதப்பட்ட உரிமை இருந்ததா என்பது. அதை ஆராயத்தக்க ஆவணங்கள் இரு நாடுகளில் பிரிந்து கிடக்கின்றன. டார்ட்டிங்டன் ஆவணத் தொகுப்பு எக்சிட்டரின் டெவன் மரபு மையத்தில் உள்ளது. தாகூர் தொடர்பான ஆவணங்கள் சாந்திநிகேதனின் ரவீந்திர பவனில் உள்ளன. சூருலில் எழுதிய எல்ம்ஹர்ஸ்ட்டையும் டெவனில் எழுதிய எல்ம்ஹர்ஸ்ட்டையும் அருகருகே வைத்து, பண்ணையின் உள்சுற்றுச் செய்தித்தாளான 'அன்றாடச் செய்தி'யில் தொழிலாளர் எழுப்பிய கேள்விகள் உளவாயின் அவற்றோடும் சேர்த்துப் படிப்பது இத்துறையில் அடுத்துச் செய்யவேண்டிய பணி.